நான் அடைத்த பதினான்கு துளைகள்

செடி வைத்த தடுப்புச் சுவர்களில் சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது ஒரு குற்றம். என் தவறால் ஒரு சுவர் சரிந்தது. அந்தப் பழி தனபாக்கியம் என்ற பெண்ணின் மேல் விழும்படி விட்டேன். நான் பொய் சொல்லவில்லை. மேலாளர் கேட்ட கேள்விக்கு உண்மையான ஒரே ஒரு வாக்கியத்தைப் பதிலாகச் சொன்னேன். அதில் அவருடைய வேலை போயிற்று.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூர் பக்கம் வயல்களை மேடாக்கித் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. கறுப்பு பிளாஸ்டிக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கட்டுமானப் பொறியாளனாகச் சேர்ந்திருந்தேன். வயதும் அனுபவமும் குறைவு. படிப்பு மட்டும் நிறைய. ஆவடிப் பக்கமிருந்து லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டி, சாலைமட்டத்துக்கு மேல் ஏழடி உயர்த்திய மனை அது. மண் சாலைப்பக்கம் சரியாமல் இருக்கக் கருங்கல்லில் ஒரு தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். முதலாளி வெளிநாடு போய்வந்தவர். சுவரின் கற்களுக்கு நடுவே மண்பைகள் போலக் குழிகள் விட்டு, அவற்றில் செடி வைத்து, நம் குழாயாலேயே ஒவ்வொரு குழிக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும் என்றார். சாலையில் போகிறவர்கள் பார்த்து நம் குழாயைக் கேட்டு வர வேண்டுமாம். நம் பக்கத்தில் அப்போது யாரும் அப்படிச் செய்ததில்லை. நானும் பார்த்ததில்லை. ஒரு சஞ்சிகையில் கட்டுரையும் இரண்டு படங்களும் பார்த்திருந்தேன். அந்த நம்பிக்கையில் இறங்கினேன்.

மேலே ஒரு இரும்புப் பீப்பாய். அதிலிருந்து ஒரு வால்வு, பெரிய குழாய், அதில் துளையிட்டுச் செருகிய மெல்லிய குழாய்கள். ஒரு வாரம் அழகாகச் சொட்டியது. பிறகு ஒவ்வொன்றாக நின்றது. தொழிற்சாலைக்குள்ளேயே இருந்த பழைய வயல் கிணற்றுத் தண்ணீர்தான் எங்களுக்கு. அதிலிருந்த பாசியும் மண்ணும் குழாய்களை அடைத்துவிட்டன. கணக்குப் போட்டு, படம் வரைந்து, புதுத் துளை போட்டு நான் இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன. செடிக்குப் பொறுப்பாக வைத்திருந்த தனபாக்கியம் தன் பழைய புடவையை நாலாக மடித்துப் பீப்பாயின் வாயில் கட்டியிருந்தார். அடைத்த குழாய்களை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பியிருந்தார்.

"வாயில் வைக்கலாமா? அழுக்குத் தண்ணி," என்றேன்.

"இந்தக் கெணத்துத் தண்ணியதான் சார் நடவு நட சொல்லோ குடிச்சிகினு கெடந்தோம். அப்ப வயலு. இப்ப பேக்டரி. தண்ணிக்கு இன்னா தெரியும்?"

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கொரட்டூர் ஏரிக்கரையில் வீடு. அவரும் அவர் கணவரும் அந்த மனை வயலாக இருந்தபோது அதில் கூலி வேலை செய்தவர்கள். கணவர் இறந்தபின் அவர் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். நான் அவரை "வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை அப்படிக் கூப்பிடுவது எனக்கு உறுத்தவில்லை. அவர் என்னை "பைப்பு சார்" என்பார்.

சுவரின் வடக்கு மூலைக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலேயே அவர் சொன்னார். "இந்த மூல எப்பவும் ஊறும் சார். நாங்க நட்டப்போ முட்டி வரைக்கும் எறங்கும். இங்க மட்டும் தண்ணிக்கு வழி நல்லா வுடுங்க."

சுவரைக் கட்டிய மேஸ்திரியும் அதையே சொன்னார். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற, அடியில் வரிசையாகப் பதினான்கு கசிவுத் துளைகள் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் இரும்புக் குழாய்த் துண்டு. அந்த மூலையில் மட்டும் நெருக்கமாக ஐந்து. என் படத்தில் அங்கே இரண்டுதான் இருந்தன. அவர் என்னைக் கேட்கவில்லை. வைத்துவிட்டு, "வச்சிட்டேன் சார்" என்றார். அவ்வளவுதான்.

நான் அறிந்த மேஸ்திரிகளில் அவரைப்போல் ஒருவரைப் பார்த்ததில்லை. தன் பெயரை நான் இங்கே சொல்வதை அவர் விரும்பமாட்டார்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். செடிகள் தழைத்திருந்தன. பட்ரோஸ் பூத்திருந்தது. கல் இடுக்குகளுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசியிருந்தோம். ஒரே ஒரு குறை. பதினான்கு துளைகளிலிருந்தும் செம்மண் நீர் வழிந்து, வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்புச் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது.

"வெற்றிலை எச்சில் துப்பியது மாதிரி இருக்கிறது. ஏதாவது செய்யுங்கள்," என்று மேலாளர் சொன்னார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. துளைகளை அடைக்கலாம் என்பது என் சொந்த யோசனை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் சில வருடங்கள் அதை அவர் சொன்னதாகவே நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "விழா முடியும் வரைக்கும்தான். சிமென்ட் வைத்து அடையுங்கள். மறுநாள் உடைத்துவிடலாம்."

அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "மறுநாளா சார்?"

"மறுநாள்."

அடைத்தார். கறையைத் தேய்த்துக் கழுவினோம். விழாவன்று இலைகள் நனைந்து பளபளக்க வேண்டும் என்று வால்வை இரவும் பகலும் திறந்தே வைக்கச் சொன்னேன். முந்தின வாரம் ஒருநாள் தண்ணீர் போதும் என்று தனபாக்கியம் தாமாகவே வால்வை மூடியிருந்தார். அதற்காக எல்லார் முன்னாலும் திட்டியிருந்தேன். "நான் சொல்லாமல் வால்வைத் தொடாதே" என்பது அன்று நான் போட்ட உத்தரவு.

விழா நன்றாக நடந்தது. முதலாளி என் தோளில் தட்டினார். விலைப்பட்டியல் புத்தகத்துக்குச் சுவரைப் படம் பிடிக்க ஒருவர் வரப்போவதாகவும், அதுவரை இதேபோல் வைத்திருக்கும்படியும் சொன்னார். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. படம் பிடிப்பவர் மழை விடட்டும் என்றார். மழை விடவில்லை. அடைப்பை நாளைக்கு உடைக்கலாம், வால்வை நாளைக்கு மூடலாம் என்று நான் அலுவலக அறையில் உட்கார்ந்து வேறு படம் வரைந்துகொண்டிருந்தேன். வானத்துத் தண்ணீர், வால்வுத் தண்ணீர் இரண்டும் சுவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. வெளியேற வழியில்லை.

மழையின் ஐந்தாம் நாள் தனபாக்கியம் அறை வாசலில் வந்து நின்றார். தலையில் மழைக்குக் கோணிச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார்.

"சார், வால்வ மூடட்டா?"

"போட்டோ எடுக்கட்டும்."

"செவுரு வயிறு தள்ளிகினு கீது சார். அந்த மூலைல. வந்து பாருங்க."

"கருங்கல் சுவர் அப்படியெல்லாம் தள்ளாது. போ."

போனார். பிறகு ஒரு முறை திரும்பி வந்தார். "நான் மூடிடறேன், நீங்க திட்டிக்கங்க," என்றார். திட்டையும் தாமே வாங்கிக்கொள்வதாக அவர் சொன்னது அன்று என் மனதில் ஏறவில்லை. நான் கையை ஆட்டி, "தொடாதே" என்றேன்.

மறுநாள் காலை அவர் சுவருக்குக் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கத்திக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்தவர்கள் சைக்கிள்கள் அதிகம் நனையாமலிருக்கச் சுவரை ஒட்டியே அவற்றைச் சாய்த்திருந்தார்கள்.

"அண்ணாத்தே, சைக்கிள எட்த்துகினு அந்தாண்ட போ! செவுரு வருது!"

"இன்னாக்கா, செவுருக்கு கால் மொளச்சிடுச்சா?"

"மொளச்சா ஒன் மேலதாண்டா மொதல்ல நடக்கும். எடு!"

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர் தனியாக ஒவ்வொரு சைக்கிளாக இழுத்துச் சாலைக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கிறார். பூட்டியவற்றைப் பின்சக்கரத்தைத் தூக்கித் தள்ளியிருக்கிறார். காலைத் தேநீர் நேரத்துக்குச் சற்று முன்னால், அந்த மூலையில் முப்பதடிச் சுவர் சத்தமே பெரிதாக இல்லாமல் சாலைப்பக்கம் உட்கார்ந்தது. பிறகுதான் சேறு புரண்டு வந்தது. கல்லும் செடியும் பீப்பாயும் சேற்றில் கிடந்தன. ஒரு உயிரும் போகவில்லை. அவர் எடுக்க முடியாமல் விட்ட மூன்று சைக்கிள்கள் மட்டும் நசுங்கின.

மேலாளர் முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மழையில் எவனாவது வால்வைத் திறந்து வைப்பானா? அது யார் பொறுப்பு?"

"தனபாக்கியம் பொறுப்பு சார்," என்றேன்.

அதுதான் அந்த வாக்கியம். வால்வு அவர் பொறுப்புதான். பெயர்ப்பட்டியலில் அப்படித்தான் எழுதியிருந்தது. துளைகளைப் பற்றி மேலாளர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அது என் மனதில் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்து தனபாக்கியத்தை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு வந்து நின்றார். "சார்தான் தொடாதன்னாரு. சாரையே கேளுங்க," என்றார்.

"கேட்டாச்சு," என்றார் மேலாளர்.

தனபாக்கியம் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் தாள் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தேன். அதற்குள் ஒரு நீலப் பூ இருந்தது. இன்றைக்கும் அந்தப் பூவை வரைந்து காட்ட முடியும்.

காலையில் அவர் கத்தியதே அவருக்கு எதிராகப் போயிற்று. "முன்னாலேயே தெரிந்திருக்கிறது பார்," என்றார்கள். இரண்டு மணி ஷிப்டு மாறும் நேரத்தில், வாயிற்காவலர் அவர் பையைத் திறந்து காட்டச் சொல்லி, கையைவிட்டுத் துழாவி, அனுப்பிவிட்டார். நான் மாடிச் சன்னலில் நின்றிருந்தேன்.

அன்று மாலை மேஸ்திரி சிமென்ட் தாளில் எதையோ பொதிந்து எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார். பிரித்தேன். ஒரு சாண் இரும்புக் குழாய். நடுவில் சிமென்ட் அடைப்பு.

"வச்சிக்கங்க சார். உங்குளுதுதானே," என்றார்.

அவர் நிற்கவில்லை. சுவரை மறுபடி கட்ட அவரை அழைத்தபோது வந்தார்; அதே இடத்தில் அதே ஐந்து துளைகளை வைத்தார். என்னுடன் வேலையைத் தவிர வேறு பேச்சு அவர் பேசியதேயில்லை.

நான்கு வருடம் கழிந்தது. எனக்குப் பதவி உயர்ந்தது. ஆவடியில் கம்பெனிக்கு இன்னொரு செடிச் சுவர். அங்கே இருந்த அதிகாரியும் கறையைப் பார்த்து முகம் சுளித்து, துளையை மூடலாமா என்று கேட்டார். முடியவே முடியாது என்றேன். அந்த வருடம் மழையில் அக்கம்பக்கத்து மதில்கள் விழுந்தன. எங்கள் சுவர் நின்றது. ஒரு கூட்டத்தில் முதலாளி எழுந்து, "நெருக்கடியில் சரியாக முடிவெடுக்கிறவர்" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த அறிவு யாருடையது என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

மறுவாரம் நடந்ததை முழுக்க எழுதிக் கையெழுத்திட்டு மேலாளரிடம் கொடுத்தேன். வந்திருந்தவர் புது மேலாளர். இரண்டு முறை படித்தார். "இதனால் இப்போது யாருக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டு, ஒரு கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார். அத்துடன் முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். போகத்தான் தோன்றியது.

கொரட்டூரில் விசாரித்தால், தனபாக்கியம் தங்கை வீட்டோடு நூம்பலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பூந்தமல்லி பஸ்ஸில் போய் வேலப்பன்சாவடியில் இறங்கி நடந்தேன். ஒரு மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். இடுப்பில் கையை ஊன்றிப் பார்த்தார்.

"இன்னா பைப்பு சாரு, வழி தவறி வந்துட்டியா?"

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். நீங்க…"

"இன்னா சார் புச்சா, நீங்க நாங்கன்னு? பதவி கெட்ச்சா மரியாதியும் கூடவே வருதா?"

நின்றபடியே சொன்னேன். தவறு முழுக்க என்னுடையது, எழுதிக் கொடுத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் கையிலிருந்த களையை உதறி வரப்பில் போட்டார்.

"எழுதிக் குட்த்தியா? யாராண்ட?"

"மேனேஜர்கிட்ட."

"அவரு இன்னா பண்ணாரு?"

"ஃபைல்ல வச்சாரு."

"ஃபைலுல கீறத எவன் படிக்கப் போறான்? கேட்டாண்ட என் பையில கைய வுட்டுத் தேடுனாங்க சார். ரெண்டு மணி ஷிப்டு ஆளுங்க மொத்தமும் பாத்துகினு இருந்தாங்க. நான் திருடல. ஆனா அன்னிலேர்ந்து கொரட்டூர் ஏரிக்கரைல, செவுத்த தள்ளுன பொம்பளன்னுதான் எனுக்குப் பேரு. அதுக்காண்டிதான் ஊட்ட வுட்டு வந்தேன். மன்னிப்பு கின்னிப்பு அப்பறம் பாப்போம். நீ அவங்களாண்ட சொல்லு. அதே கேட்டாண்ட, அதே நேரத்துல. நான் வந்து நிக்கறேன்."

சரி என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம், இதைச் செய்யாமலிருக்க ஏதாவது வழியுண்டா என்று மனம் தேடிக்கொண்டேதான் இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன பயன்.

குறித்த நாளில் அவர் நல்ல புடவை கட்டி, எதிர்ச்சாரி டீக்கடை ஓரமாக வந்து நின்றார். இரண்டு மணி ஷிப்டுக்காரர்கள் கூடினார்கள். நான் வாயிலில் நின்று, சிமென்ட் அடைத்த அந்தக் குழாய்த் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"சத்தமா சொல்லு சார்! மிசினாண்ட நின்னு நின்னு காது போச்சு," என்று ஒருவர் கத்தினார்.

சத்தமாகச் சொன்னேன். துளைகளை அடைக்கச் சொன்னது நான். வால்வைத் தொடாதே என்றது நான். மூடட்டுமா என்று அவர் இரண்டு முறை வந்து கேட்டார். உங்கள் சைக்கிள்களையும், தேநீர் நேரத்தில் சைக்கிள் எடுக்கப் போயிருக்கக்கூடிய உங்களையும் காப்பாற்றியது அவர். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

பிறகு தலை நரைத்த ஒரு தொழிலாளி சொன்னார்: "எங்குளுக்கு அப்பவே தெரியும் சார். மேஸ்திரி சொன்னாரு. நீ எப்ப சொல்லுவன்னுதான் பாத்துகினு இருந்தோம். இம்மா நாள் ஆயிடுச்சு."

இன்னொருவர் சாலையைத் தாண்டிப் போனார். "எக்கா, என் சைக்கிள இஸ்துப் போட்டு பெல்ல ஒடச்சியே, நாந்தான் அன்னிக்கி உன்ன கண்டபடி திட்டனவன்," என்றார்.

"ஞாபகம் கீது, ஞாபகம் கீது. அந்தப் பெல்லு முன்னாடியே ஒடஞ்சதுடா, கேப்மாரி," என்றார் தனபாக்கியம். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரித்து முடித்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சங்கு ஊதியது. ஆட்கள் உள்ளே போனார்கள்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. புது மேலாளரிடம் கேட்டேன். வயதைக் காரணம் காட்டிவிட்டார். ஒப்பந்தக் கூலியாக வரலாம் என்றதைத் தனபாக்கியமே வேண்டாம் என்றார். மன்னித்தேன் என்ற வார்த்தையை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கொரட்டூருக்கு மட்டும் அடுத்த மாதமே திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று அவர் கேட்டது ஒன்றுதான். "செவுத்த பாக்கணும் சார்."

வாயிலில் காவலர் பழக்கதோஷத்தில் அவர் பைக்குக் கை நீட்டினார். தனபாக்கியம் பையை என்னிடம் கொடுத்தார். "நீ புடி," என்றார். நான் பிடித்துக்கொண்டேன். காவலர் கையை இழுத்துக்கொண்டார்.

செடிகள் கல்லே தெரியாத அளவுக்கு வளர்ந்திருந்தன. குழாய்கள் சொட்டிக்கொண்டிருந்தன. கீழே, பதினான்கு துளைகளிலிருந்தும் சிவப்புக் கோடுகள் தரைவரை இறங்கியிருந்தன. இப்போது அவற்றை யாரும் தேய்ப்பதில்லை. அவர் தெற்கிலிருந்து தொடங்கி, குனிந்து, ஒவ்வொரு துளையிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். வடக்கு மூலையில், ஐந்து துளைகளில் நடுவிலிருந்த ஒன்று வறண்டிருந்தது. நான் அந்தச் சுவரை வாரம் ஒருமுறை பார்த்தவன். என் கண்ணில் அது பட்டதேயில்லை. அவர் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, உள்ளே விட்டுத் திருகி, ஒரு வேர்க்கொத்தை இழுத்தார். செந்நீர் குபுக்கென்று வந்து அவர் கையில் வழிந்தது.

"வழி வுட்டாச்சு," என்றார்.

பிறகு எழுந்து, அந்தச் சிவந்த கையை என் வெள்ளைச் சட்டையின் தோளில், உள்ளங்கையும் புறங்கையுமாக, நன்றாகத் துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார். நான் அசையாமல் நின்றேன். பையை வாங்கிக்கொண்டு, "வர்ட்டா பைப்பு சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி சட்டையைப் பார்த்து, "தோளில் என்ன இவ்வளவு பெரிய கறை?" என்று கேட்டாள். சுவர் சரிந்த கதையை நான் அவளிடம் மழையின் கதையாகத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

"உட்கார், சொல்கிறேன்," என்றேன்.